பிரிட்டனில் ஏன் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள்? கவுன்சில் வரி பில்லைப் பாருங்கள்

கேள்வி இரண்டு பாகமாக வந்திருக்கிறது. 2024-ல் 411 இடங்களோடு ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி ஒரே வருடத்தில் எப்படி இத்தனை பேரின் வெறுப்பைச் சம்பாதித்தது, பிரிட்டிஷ்காரர்களுக்கு அப்படி என்னதான் குறை என்பது முதல் பாகம். அங்கே படிக்கப் போகிற ஒருவருக்கு இந்த அரசியலால் என்ன ஆகப்போகிறது என்பது இரண்டாவது. நான் இங்கே பல வருடங்களாகச் செய்தியாளன். அதில் பெரும்பகுதி நாடாளுமன்றத்தில் கழியவில்லை, ஊர் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றக் கூட்டங்களில்தான் கழிந்தது. அதனால் என் பதிலும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

முதலில் அந்த 411-ஐப் பார்த்துவிடலாம். 2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் வாங்கியது 33.7 சதவீதம், சுமார் 97 லட்சம் வாக்குகள். 2019-ல் ஜெரமி கோர்பின் தலைமையில் இதே கட்சி படுதோல்வி அடைந்தபோது வாங்கியது ஒரு கோடியே 2 லட்சத்துக்கும் மேல். கோர்பின் தோற்றதைவிடக் குறைந்த வாக்கில்தான் கியர் ஸ்டார்மர் ஜெயித்தார். இது இந்தியாவில் உள்ள அதே தேர்தல் முறைதான், ஆகவே கணக்கு உங்களுக்குப் புரியும். கன்சர்வேட்டிவ் வாக்கு 23.7 சதவீதமாகச் சுருங்கி, நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதத்தைப் பிரித்துக்கொண்டது. 41 லட்சம் வாக்கு வாங்கிய ரிஃபார்முக்கு 5 இடம். 35 லட்சம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72. வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே 60 சதவீதம்தான். லேபர் மீது பெரிய ஆசை எதுவும் எப்போதும் இருக்கவில்லை. 14 வருடம் ஆண்டவர்களை வெளியே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 14 வருடத்தில் ஐந்து பிரதமர்கள். செய்தித்தாள்களுக்குக் கொண்டாட்டமான காலம், சந்தேகமில்லை. ஆனால் தலைப்புச் செய்தி ஒரு பக்கமும் வாழ்க்கை இன்னொரு பக்கமும் போனதற்கு அந்த ஐவரில் ஒருவரான லிஸ் டிரஸ் கதையே சாட்சி. 2022 செப்டம்பர் 23-ல் அவருடைய நிதியமைச்சர் 4,500 கோடி பவுண்டு வரிச்சலுகையை, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமலே அறிவித்தார். கடன் சந்தை ஆடிப்போனது. ஒரு பத்திரிகை லெட்டூஸ் கீரைக்கு விக் வைத்து நேரலையில் காட்டி, முதலில் வாடப்போவது இதுவா பிரதமரா என்று கேட்டது. கீரை ஜெயித்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்றைக்கும் அந்தக் கீரைதான் நினைவில் இருக்கிறது. இங்கே வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு நினைவில் இருப்பது வட்டி. இந்த நாட்டில் வட்டியை இரண்டு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ நிலையாகக் கட்டிவைப்பார்கள். தவணை முடிந்ததும் புது வட்டி. அந்த அக்டோபரில் இரண்டு வருட நிலைவட்டி 6 சதவீதத்தைத் தாண்டியது. அதுவரை இரண்டு சதவீதம் கட்டிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இந்த அடி ஒரே நாளில் விழவில்லை. அவரவர் தவணை முடிய முடிய, வீடு வீடாக, மாதம் மாதம் வந்தது. டிரஸ் போய் இரண்டு வருடம் கழித்துக்கூட அவருடைய பட்ஜெட்டுக்குப் புதிதாகப் பணம் கட்ட ஆரம்பித்தவர்கள் இருந்தார்கள்.

சரி, இது எல்லோரும் எழுதியது. நான் சொல்ல வந்தது வேறு. பிரிட்டிஷ் அரசியலைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காகிதத்தைப் படித்தால் போதும் என்றால், மார்ச் மாதம் வீட்டுக்கு வரும் கவுன்சில் வரி (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி) பில்லைச் சொல்வேன்.

அந்தக் காகிதத்தில் மேலே உங்கள் வீட்டின் பிரிவு இருக்கும், ஏ முதல் எச் வரை ஓர் எழுத்து. இங்கிலாந்தில் அந்த எழுத்து 1991 ஏப்ரல் 1-ல் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. போன வருடம் கட்டிய வீடாக இருந்தாலும், 1991-ல் அது இருந்திருந்தால் என்ன விலை என்று கற்பனை செய்துதான் பிரிவு போடுவார்கள். வீட்டு விலை தலைகீழாக மாறிவிட்ட நாட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக யாரும் அதைத் தொடவில்லை. தொட்டவர்களின் கதி தெரியும்: இதற்கு முந்தைய வரி மார்கரெட் தாட்சர் கொண்டுவந்த தலைவரி. 1990 மார்ச் 31-ல் டிராஃபால்கர் சதுக்கத்தில் அதற்கெதிராகக் கலவரம், நவம்பரில் அவர் பதவி போயிற்று. அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை. விளைவு என்னவென்றால், 2024-25-ல் பக்கிங்ஹாம் அரண்மனை இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் மிக உயர்ந்த எச் பிரிவு வீட்டுக்கு வருட வரி 2,000 பவுண்டுக்கும் குறைவு. இங்கிலாந்து முழுக்க நடுத்தர டி பிரிவு வீட்டின் சராசரி 2,171 பவுண்டு. வடக்கே சுவரோடு சுவர் ஒட்டிய சாதாரண வீட்டில் இருப்பவர், லண்டன் நடுவில் மாளிகை வைத்திருப்பவரைவிட அதிகம் கட்டுகிறார். அதைக் கேட்டு அவர் கோபப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பில்லில் கீழே வந்தால் போலீசுக்கு இவ்வளவு, தீயணைப்புக்கு இவ்வளவு என்று தனித்தனித் தொகைகள் இருக்கும். நடுவில் ஒன்று, முதியோர் பராமரிப்புக்காகத் தனியாக, 2016 முதல் சேர்த்தது. பிரிட்டன் அரசியலின் மொத்தச் சிக்கலும் அந்த ஒற்றைத் தொகையில் இருக்கிறது என்பது என் கருத்து.

அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் இலவசம் என்பது உலகத்துக்கே தெரியும். 1948-ல் இருந்து அப்படித்தான். ஆனால் வயதானவரைக் குளிப்பாட்ட, உடுத்திவிட, மாத்திரை கொடுக்க ஆள் வேண்டுமென்றால் அது என்எச்எஸ் இல்லை. அது கவுன்சிலின் வேலை, அதுவும் வசதி பார்த்துத்தான். இங்கிலாந்தில் 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் உங்களுடையது. அந்த எண் 2010-ல் இருந்து மாறவே இல்லை. முதியோர் இல்லத்தில் சேர்ந்தால், வீட்டில் துணைவர் யாரும் இல்லாத பட்சத்தில், வீட்டின் மதிப்பும் கணக்கில் சேரும். புற்றுநோய் வந்தால் அரசு பார்க்கும். மறதிநோய் வந்தால் வீட்டை விற்க நேரலாம். இதைப் பல பிரிட்டிஷ்காரர்களே தங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வரும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

வசதியில்லாதவர்களின் செலவைக் கவுன்சில் ஏற்றாக வேண்டும், சட்டம் அப்படி. கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்ப்பது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை டாக்சி வைத்தாவது பள்ளிக்கு அனுப்புவது, வீடில்லாத குடும்பங்களுக்குத் தற்காலிக இடம் தருவது, இவையும் சட்டக் கடமைகள். தற்காலிக இடங்களில் இருக்கும் குடும்பங்கள் 2025-ல் இங்கிலாந்தில் மட்டும் 1,30,000-ஐத் தாண்டிவிட்டன. பல பெரிய கவுன்சில்களில் செலவில் மூன்றில் இரண்டு பங்கை இந்தக் கடமைகளே விழுங்கிவிடும். 2010-ல் வந்த கூட்டணி அரசு மத்திய மானியத்தைக் கடுமையாக வெட்டியபோது, சட்டத்தின் பிடி இந்த அளவுக்கு இறுக்கமாக இல்லாதவை எல்லாம் வெட்டுப்பட்டன: நூலகம், இளைஞர் மன்றம், பூங்கா, பொதுக் கழிப்பறை, சாலைக் குழி அடைப்பது. இங்கிலாந்து, வேல்ஸ் சாலைகளைச் சரிசெய்ய மட்டும் 1,600 கோடி பவுண்டுக்கு மேல் வேண்டும் என்று சாலைத் துறையினரின் 2025 கணக்கு சொல்கிறது.

வரியை ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. வருடத்துக்கு 5 சதவீதத்தை எட்டினால் ஊர் முழுக்க வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்த மாதிரி வாக்கெடுப்பு நடந்தது ஒரே ஒரு தடவை, 2015-ல் பெட்ஃபோர்ட்ஷயரில், போலீஸ் செலவுக்காக. மக்கள் தூக்கி எறிந்தார்கள். சமையல் மருமகள் பொறுப்பு, சாவிக்கொத்து மாமியார் இடுப்பில். கவுன்சிலின் நிலைமை அதுதான். சாப்பாடு சரியில்லை என்று திட்டு வாங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் இருந்த ஊரின் பட்ஜெட் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். பிப்ரவரி கடைசி, மாலை ஏழு மணி. பழைய மேயர்களின் படங்கள் மாட்டிய மண்டபம், தங்கச் சங்கிலி போட்ட மேயர், மேஜைக்கு மேஜை தலையணை உயரத்துக்குக் காகிதம். பார்வையாளர் பகுதியில் வழக்கமாக நானும் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியரும்தான் இருப்போம். அன்றைக்கு ஒரு கூட்டமே வந்திருந்தது, பூங்கா ஓரத்துக் கழிப்பறையை மூடக்கூடாது என்று. அதற்கான செலவு வருடத்துக்குச் சில ஆயிரம் பவுண்டுதான். அதைப் பற்றி ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நீரிழிவு உள்ளவர்கள் என்ன செய்வார்கள், சுற்றுலாப் பயணிகள் என்ன நினைப்பார்கள், போன ஆட்சியில் யார் மூடினார்கள். அப்புறம் முதியோர் பராமரிப்புத் தலைப்பு வந்தது, பல கோடி பவுண்டு. நிதி அதிகாரி எழுந்து ஒரு பக்கம் படித்தார். யாரும் கை தூக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. அதில் வெட்டவும் முடியாது, கூட்டவும் முடியாது, பேசி என்ன பயன் என்று எல்லோருக்கும் தெரியும். கழிப்பறை மூடப்பட்டது. மறுநாள் என் பத்திரிகை எதைத் தலைப்பாக்கியது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பத்திரிகையாளர்கள் இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. ஊர்ப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. 2018 முதல் பிபிசி தன் உரிமக் கட்டணத்திலிருந்து பணம் கொடுத்து, கவுன்சில் செய்திக்கென்றே நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர்களை ஊர்ப் பத்திரிகைகளில் வைத்திருக்கிறது. நல்ல திட்டம், ஆனால் நாட்டின் பரப்புக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஊர் மட்டத்தில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தபால் நிலைய விவகாரமே போதும். ஹொரைசன் என்ற கணினி அமைப்பின் கோளாறால் கணக்கு உதைத்தது. பழி கிராமத்துக் கிளைத் தபால் அலுவலர்கள் மேல் விழுந்தது. 900-க்கும் மேற்பட்டோர் திருடர்களாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள், அதில் தெற்காசியக் கடைக்காரர்களும் ஏராளம். ஒரு கணினித் தொழில் பத்திரிகை 2009-லேயே எழுதிவிட்டது. நாடு விழித்தது 2024 ஜனவரியில், ஒரு தொலைக்காட்சி நாடகம் ஓடிய பிறகு. நான்கே மாதத்தில் தண்டனைகளை ரத்து செய்யச் சட்டமும் வந்துவிட்டது. பதினைந்து வருடம் செய்யாததை நான்கு மாதத்தில் செய்ய முடிந்திருக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல்.

முதியோர் பராமரிப்பை ஏன் யாரும் சரிசெய்யவில்லை? முயன்றவர்கள் அடிபட்டார்கள். 2011-ல் ஆண்ட்ரூ டில்னாட் தலைமையிலான குழு, ஒருவர் வாழ்நாளில் செலவழிக்க வேண்டியதற்கு உச்சவரம்பு வையுங்கள் என்றது. 2014-ல் சட்டமும் வந்தது, தள்ளிவைத்தார்கள். 2017 தேர்தலில் பிரதமர் தெரசா மே ஒரு திட்டத்தை அறிக்கையில் சேர்த்தார். எதிர்க்கட்சிகள் அதை மறதிநோய் வரி என்று அழைக்க, நான்கு நாளில் பின்வாங்கி, கடைசியில் பெரும்பான்மையையே இழந்தார். போரிஸ் ஜான்சன் 86,000 பவுண்டு வரம்பு என்றார். அடுத்து வந்தவர்கள் 2025-க்குத் தள்ளினார்கள். 2024 ஜூலையில் லேபர் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் ரத்தே செய்துவிட்டார். இப்போது லூயிஸ் கேசி தலைமையில் இன்னொரு குழு. இறுதி அறிக்கைக்குச் சொல்லப்பட்ட வருடம் 2028. அடுத்த பொதுத்தேர்தல் 2029-க்குள் வர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது ஏதோ முதியவர்களின் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். இடுப்பெலும்பு சரியாகி வீட்டுக்குப் போகத் தயாராக இருக்கும் பாட்டிக்கு, வீட்டில் வந்து பார்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் அவர் மருத்துவமனைப் படுக்கையிலேயே இருப்பார். இங்கிலாந்தில் எந்த நாளிலும் 12,000 பேர் வரை இப்படி இருப்பது வழக்கமாகிவிட்டது. படுக்கை காலியாகாததால் அவசரப் பிரிவில் நோயாளிகள் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார்கள். அவர்களை இறக்க முடியாமல் வெளியே ஆம்புலன்ஸ் வரிசை. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்பதால், மாரடைப்பு என்று நீங்கள் கூப்பிடும்போது வண்டி இல்லை. டிவியில் அமைச்சர் வந்து என்எச்எஸ்ஸுக்கு இத்தனை கோடி அதிகம் கொடுத்தோம் என்பார். அடைப்பு இருப்பது கவுன்சில் பக்கம்.

பர்மிங்காமைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. கவுன்சிலில் சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை பார்த்த பெண்களுக்கும், அதே தரநிலையில் குப்பை அள்ளுவது, தெருக் கூட்டுவது என்றிருந்த ஆண்களுக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்று; போனஸ் மட்டும் ஆண்களுக்கு. பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அன்றிலிருந்து கவுன்சில் கொடுத்தது சுமார் 110 கோடி பவுண்டு; கண்காட்சி வளாகத்தையே விற்றார்கள். இதற்கு நடுவே 2017-ல் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம். அதை முடிக்க அவர்களுக்கென ஒரு புதுப் பதவியை உருவாக்கிக் கொடுத்தார்கள். ஆண்களுக்கு மட்டும் கிடைக்கிற ஏற்பாடு என்று மறுபடி சமச்சம்பளச் சிக்கல் வரும் என்பதை அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2023-ல் இன்னும் 65 முதல் 76 கோடி பவுண்டு பாக்கி என்று கணக்கு வந்தது. போதாக்குறைக்கு 1.9 கோடியில் முடியும் என்ற கணினி அமைப்பு 10 கோடியைத் தாண்டும் என்று ஆனது. செப்டம்பரில் கையை விரித்துவிட்டார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய உள்ளாட்சிகளில் ஒன்று, திவால் என்று சொல்லாமல் திவால்.

அடுத்து 2024-ல் வரி 9.99 சதவீத ஏற்றம், அரசிடம் விசேஷ அனுமதி வாங்கி. 2025-ல் 7.5 சதவீதம். கூடவே 30 கோடி பவுண்டு வெட்டு. சமச்சம்பளச் சிக்கலுக்காக அந்த 2017 பதவியை ஒழித்தார்கள். ஒழித்ததும் 2025 மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம். மார்ச் முடிவதற்குள் தெருவில் 17,000 டன் குப்பை, பெரிய பெரிய எலிகள். ராணுவத்திலிருந்து திட்டமிடும் அதிகாரிகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. வரியை அதிகமாகக் கட்டிவிட்டு, குப்பைப் பையைத் தாண்டிக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் ஒருவரிடம் ஸ்டார்மர் வெளிநாட்டில் நன்றாகச் செயல்படுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம். சம்பளம் குறையும் என்று தெரிந்ததும் குப்பை ஊழியர்கள் எதிர்த்ததும் நியாயம்தான். தப்பு, பல வருடம் எல்லாத் தரப்பு ஆட்சியிலும் அதை ஒத்திப்போட்டவர்கள் மேல்.

இதனால்தான் ரிஃபார்ம் கட்சிக்கு இடம் கிடைத்தது. 2025 மே 1 உள்ளாட்சித் தேர்தலில் 677 இடம், 10 கவுன்சில். அதே நாளில் ரன்கார்ன் இடைத்தேர்தலில் லேபரை அவர்கள் தோற்கடித்தது 6 வாக்கு வித்தியாசத்தில். கவுன்சிலில் வீண்செலவைக் கண்டுபிடித்து வரியைக் குறைப்போம் என்றார்கள். கென்ட் கவுன்சிலில் ஆட்சிக்கு வந்து சில மாதம்தான். பொறுப்பில் இருந்த அவர்களுடைய ஆளே சேவைகள் ஏற்கெனவே எலும்புவரை வெட்டப்பட்டுவிட்டன என்று பத்திரிகைக்குச் சொல்ல வேண்டிவந்தது. அக்டோபரில் அவர்களுடைய உள்கூட்டச் சண்டையின் காணொளியும் கசிந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அந்த இரண்டு நிமிடத் தலைப்பு அவர்களுக்கும் வந்திருக்கும்.

குடியேற்றம்தானே முக்கியக் காரணம் என்பீர்கள். ஓரளவுக்கு உண்மை. 2023 ஜூனுடன் முடிந்த வருடத்தில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தொட்டது. எல்லையை மீட்கிறோம் என்று பிரெக்ஸிட் செய்த கட்சியின் ஆட்சியில் நடந்தது அது. அந்தக் கோபத்தை வெறும் இனவெறி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் முடிச்சைக் கவனியுங்கள். முதியோர் இல்லங்களில் அந்தச் சம்பளத்துக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காததால் 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கு விசா திறந்தார்கள். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் எத்தனையோ பேர் வந்தார்கள். ஏஜெண்டுகளிடம் லட்சக்கணக்கில் கொடுத்து, வந்து பார்த்தால் வேலையே இல்லை என்று நின்றவர்களும் உண்டு. 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதற்கே முடிவு. அந்தச் சம்பளம் மட்டும் இன்னும் குறைவாகவே இருக்கிறது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது கவுன்சில் கொடுக்கும் கட்டணம்.

லேபரின் சொந்தத் தவறுகளும் உண்டு, மறைக்கவில்லை. வந்தவுடனே 2024 ஜூலையில் ஓய்வூதியர்களுக்கான 200 முதல் 300 பவுண்டு குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலானோருக்கு நிறுத்தினார்கள். அடுத்த ஜூனில் முக்கால்வாசிப் பேருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கெட்ட பெயர் முழுசாக வந்தது, பணம் பெரிதாக மிச்சமாகவில்லை. இதைவிட மோசமான பேரத்தை ஒரு நிதியமைச்சர் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்ததையும் சொல்ல வேண்டும். தேர்தல் நாளன்று இங்கே ஒலிபெருக்கி கிடையாது. வாக்குச்சாவடி தேவாலய மண்டபத்தில் இருக்கும், பள்ளியில் இருக்கும், சில இடங்களில் பப்பிலேயே இருக்கும். நாயைக் கட்டி அழைத்துவந்து வாசலில் படம் எடுத்துக்கொள்வது ஒரு சடங்கு. உள்ளே கயிற்றில் கட்டிய பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இரவு பத்துக்கு வாக்குப்பதிவு முடியும், விடிவதற்குள் முடிவு தெரியும், தோற்ற பிரதமர் மதியத்துக்குள் வீட்டைக் காலி செய்திருப்பார். எம்பிக்கள் வெள்ளி, சனிக்கிழமைகளில் தொகுதியில் உட்கார்ந்து யார் வந்தாலும் குறை கேட்பார்கள். 2016-ல் ஜோ காக்ஸ் அப்படி மக்களைச் சந்திக்கப் போன இடத்திலும், 2021-ல் டேவிட் ஏமஸ் சந்திப்பு நடந்துகொண்டிருந்தபோதும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாகம். மாணவராக வருகிறவருக்குப் பலர் சொல்லாத ஒன்று: உங்களுக்கு இங்கே வாக்குரிமை உண்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் இங்கே வசித்தால் பொதுத்தேர்தல் உட்பட எல்லாத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் அடக்கம். இருபது வருடமாக இங்கே இருக்கும் பிரெஞ்சுக்காரருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் அது கிடையாது. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட்ஹாம் பக்கம் தமிழ் வாக்குகளைத் தேடிக் கட்சிகள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 2024-ல் ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட உமா குமரன் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியிலிருந்து எம்பி ஆனார்.

வந்ததும் பல்கலைக்கழகத்தில் கவுன்சில் வரி விலக்குச் சான்றிதழ் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரி கிடையாது. ஒருவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் 25 சதவீதக் கழிவோடு பில் வரும். அதை யார் கட்டுவது என்று வீடு எடுக்கும்போதே பேசிவிடுங்கள், பின்னால் நட்பு கெடாமல் இருக்கும். வாக்காளர் பட்டியலில் ஆன்லைனில் பெயர் சேர்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். பட்டியலில் பெயர் இருந்தால் செல்போன் ஒப்பந்தம், வங்கி விஷயங்களில் கடன் மதிப்புக்கும் உதவும். தேர்தல் அறிவித்த பிறகு என்றால், வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே சேர்த்திருக்க வேண்டும். வாக்களிக்கப் போகும்போது பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள், நம்முடையது செல்லும். மாணவர் அட்டை செல்லாது. ஆனால் முதியோர் பஸ் பாஸ் செல்லும், ஏன் என்று இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கட்சியைத்தான் கேட்க வேண்டும். 2024 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் அடையாள அட்டை இல்லாமல் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் போரிஸ் ஜான்சனும் ஒருவர். சட்டம் அவர் ஆட்சியில் வந்ததுதான். வீட்டுக்குப் போய் எடுத்துவந்து வாக்களித்தார்.